ஹாம் ரேடியோவின் ஒலியை மடிக்கணினியுடன் இணைத்தல்: முழுமையான வழிகாட்டி

உரிமம் கைக்கு வந்து, ரிக் எனப்படும் வானொலிக் கருவியும் ஆண்டெனாவும் ஓரளவு ஒழுங்காக அமைந்த பிறகு, நம் நெல்லைச் சீமையின் புதிய ஹாம்கள் அடுத்து ஆர்வம் காட்டுவது பெரும்பாலும் எப்டி8, பிஎஸ்கே31, எஸ்எஸ்டிவி போன்ற, கணினி உருவாக்கும் ஒலியால் செய்தியோ படமோ அனுப்பும் முறைகளில்தான். இவை அனைத்துக்கும் தேவையானவை மூன்று. ரிக்கிலிருந்து வரும் ஒலி கெடாமல் மடிக்கணினிக்குள் செல்ல வேண்டும். மடிக்கணினி உருவாக்கும் ஒலி கெடாமல் ரிக்குக்குள் செல்ல வேண்டும். அனுப்ப வேண்டிய நொடியில் ரிக் தானாகவே அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும்.

பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் திருச்செந்தூர்ப் பக்கமும் புதியவர்கள் இதைச் செய்யும்போது உடனிருந்து பார்த்த வகையில், அவர்கள் பொருள் வாங்குவதில் தவறுவது குறைவு, வரிசையில் தவறுவதே மிகுதி. எல்லாக் கம்பிகளையும் ஒரே மூச்சில் செருகி, மென்பொருளையும் திறந்து, உடனே அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார்கள். அப்போது ஒன்றும் நடக்கவில்லை என்றால், கோளாறு கம்பியிலா, விண்டோஸிலா, ரிக்கின் அமைப்பிலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகிறது. ஆகவே இந்த வழிகாட்டி முதலில் கேட்கும் பாதையை மட்டும் கட்டிச் சோதிக்கிறது. பிறகு அனுப்பும் பாதை, அதன் பிறகு பிடிடி (ரிக்கை அனுப்பும் நிலைக்கு மாற்றும் இணைப்பு), கடைசியில்தான் ஆண்டெனாவில் அனுப்புவது. ஒரு படி சரியாக வேலை செய்யும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுப்புவதற்கு உரிமம் கட்டாயம். உங்கள் உரிமத்தின் தரத்துக்கு எந்த அலைவரிசைகள், எவ்வளவு வாட், எந்த வகைப் பரப்பல் அனுமதிக்கப்பட்டுள்ளன என்பதை உரிம ஆவணத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். எண்ணியல் முறையும் ஒரு பரப்பல்தான். கணினி அனுப்புகிறது என்பதால் பொறுப்பு கணினிக்குப் போய்விடாது.

பொருட்களில் முதன்மையானவை இவை: உங்கள் ரிக்கின் கையேடு, யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று, 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 100 ஓம், 470 ஓம் ரெசிஸ்டர்கள், 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, பிசி817 ஆப்டோகப்ளர் (மின் தொடர்பு இல்லாமல் ஒளியால் சுவிட்சை இயக்கும் சிறு சில்லு) ஒன்று, ஷீல்டு வயர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கம்பியின் மேல் கவ்விக்கொள்ளும் ஃபெரைட் கோர்கள் சில, டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாக இணைத்தால் அலையை வெளியே விடாமல் சூடாக மாற்றிவிடும் கருவி) ஒன்று. இவற்றில் டம்மி லோடைத்தான் பலர் செலவு என்று தள்ளிப்போடுகிறார்கள். ஒலியளவைச் சரிசெய்யும் நேரத்தில் அது இல்லையென்றால், உங்கள் சோதனை முழுவதும் மற்றவர்களின் காதில் விழும்.

டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காவிட்டால், கோயில் கொடைகளுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே வரும் ‘உம்ம்’ இரைச்சலைப் போக்க அவர்கள் பயன்படுத்தும் ஆடியோ ஐசொலேட்டருக்குள் இருப்பதும் இதே வகை டிரான்ஸ்ஃபார்மர்தான்.

2. உங்கள் ரிக்கில் எந்த இணைப்பு வாய் உள்ளது என்று பாருங்கள்

இனி வரும் வேலை எவ்வளவு என்பதை இந்தப் படிதான் முடிவு செய்கிறது. ஐகாம் ஐசி-7300, யேசு எப்டி-991ஏ போன்ற ரிக்குகளுக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கிறது. ஒரே யூஎஸ்பி கம்பியில் ஒலியும், பிடிடியும், அலைவரிசைக் கட்டுப்பாடும் வந்துவிடும். இவர்கள் 3, 5, 8 ஆகிய படிகளை விட்டுவிடலாம். ஆனால் யூஎஸ்பி டிரைவரை முதலில் நிறுவிவிட்டு, அதன் பிறகே கம்பியைச் செருகுங்கள். கம்பியை முதலில் செருகினால் விண்டோஸ் தானே ஏதோ ஒரு டிரைவரைப் பொருத்திக்கொள்வதும், பிறகு போர்ட் எண் குழம்புவதும் வழக்கமாக நடக்கின்றன.

இரண்டாவது வகை, பின்புறத்தில் 6 முனை மினி டின் டேட்டா வாய் உள்ளவை. யேசு எப்டி-817, 857, 897 இவ்வகையைச் சேர்ந்தவை. இதில் 1-ஆம் முனை உள்ளே செல்லும் ஒலி, 2 கிரவுண்டு, 3 பிடிடி, 5 வெளியே வரும் ஒலி. 4-ஆம் முனையிலும் ஒலி வரும். அது 9600 வேகத்தில் தரவு அனுப்பும் பாக்கெட் முறைக்கானது என்பதால் நமக்கு வேண்டாம். டேட்டா வாயின் பெரிய நன்மை, அங்கே வெளிவரும் ஒலியளவு முன்பக்க வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாது என்பதே. வீட்டில் யாரேனும் சத்தம் என்று வால்யூமைக் குறைத்தாலும் கணினிக்குப் போகும் அளவு மாறாது.

மூன்றாவது வகையில் ஸ்பீக்கர் ஜாக்கும் மைக் வாயும் மட்டுமே இருக்கும். பழைய ரிக்குகளும் கையடக்கக் கருவிகளும் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றிலும் எல்லாம் செய்யலாம். ஒலியளவில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

மினி டின் பிளக்கைப் பற்றவைக்கும்போது, கையேட்டில் உள்ள படம் ரிக்கின் வாயைப் பார்த்தவாறு வரையப்பட்டதா, பிளக்கின் பின்புறத்தைப் பார்த்தவாறு வரையப்பட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இடவலம் மாறினால் முனைகள் எல்லாமே மாறிவிடும். பற்றவைத்த பின் ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் சரிபாருங்கள்.

3. மடிக்கணினியின் சொந்த ஜாக்கைப் பயன்படுத்தாதீர்கள்

இன்றைய மடிக்கணினிகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கிறது. நுனியில் இடது ஒலி, அடுத்த வளையத்தில் வலது ஒலி, அதற்கடுத்த வளையத்தில் கிரவுண்டு, அடிப்பகுதியில் மைக் என்பது இன்று பரவலாக உள்ள அமைப்பு. இதில் சாதாரண மூன்று பகுதிப் பிளக்கைச் செருகினால் மைக் கிரவுண்டோடு சேர்ந்துவிடும்; மைக் இருக்கிறது என்றே கணினி உணராது. அதனால் அது தன் உள் மைக்கை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ரிக்கின் ஒலி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, திரையில் தெரிவது அறையில் ஓடும் மின்விசிறியின் சத்தமாக இருக்கும். ரிக்கின் ஸ்பீக்கர் சத்தமும் உள் மைக் வழியே நுழைவதால், சில வேளைகளில் செய்திகள்கூடப் பிரிந்து வந்து ஆளை ஏமாற்றும்.

எனவே விலை குறைந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைத் தனியாக வாங்கி, அதை ரிக்குக்கென்றே ஒதுக்குங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸின் அறிவிப்பு ஒலிகள், உலாவியில் ஓடும் காணொளி எல்லாம் மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கே போகும். ஒரே கார்டைப் பகிர்ந்துகொண்டால், வாட்ஸ்அப் மணி ஒலி உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பாகும், அது விதிமீறலும்கூட.

வாங்கும்போது மைக் வாய், ஹெட்போன் வாய் என இரண்டு தனித்தனி ஓட்டைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை ஓட்டை உள்ளதை வாங்கினால் பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும்.

4. எர்த்தும் தனிமைப்படுத்தலும்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். ரிக்கின் உடல் அதன் பவர் சப்ளை வழியாகவும், எர்த் கம்பி வழியாகவும், ஆண்டெனாக் கம்பியின் ஷீல்டு வழியாகவும் தரையோடு இணைந்திருக்கிறது. மடிக்கணினியின் கிரவுண்டு அதன் சார்ஜர் வழியாக வேறொரு பாதையில் மின்னமைப்போடு இணைகிறது. இரண்டுக்கும் நடுவே ஆடியோ கம்பியின் ஷீல்டைப் போட்டால், ஒரு வளையம் முழுமையாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே நாம் கேட்கும் இரைச்சல். இரண்டு முனை சார்ஜர்களில் இன்னொன்றும் உண்டு: மூன்றாவது எர்த் முனை இல்லாததால், உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்த கெபாசிட்டர் வழியாக மடிக்கணினியின் கிரவுண்டு மெயின்ஸ் அழுத்தத்தின் ஒரு பங்கில் மிதந்துகொண்டிருக்கும். மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் சுறுசுறுவென்று தெரிவது அதுதான். மின்னோட்டம் மிகச் சிறியதாக இருந்தாலும், ரிக்கோடு முதன்முதலில் தொடும் கணத்தில் அது மைக் உள்ளீட்டின் வழியாகப் பாயக்கூடும்.

இதற்குத் தீர்வு, இரு கிரவுண்டுகளையும் ஒன்றோடொன்று தொடவிடாமல், ஒலியை மட்டும் காந்தப்புலத்தின் வழியே கடத்தும் டிரான்ஸ்ஃபார்மர். கேட்கும் பாதைக்கு ஒன்று, அனுப்பும் பாதைக்கு ஒன்று.

பாடுபட்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திவிட்டு, அதன் பயனை மூன்று வழிகளில் இழந்துவிடுகிறார்கள். முதலாவது, உலோகப் பெட்டி. உலோக உடல் கொண்ட ஜாக்குகளை ஒரே உலோகப் பெட்டியில் திருகினால், இரு பக்கக் கிரவுண்டுகளும் பெட்டியின் தகடு வழியே சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியோ, ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் ஜாக்குகளோ வேண்டும். இரண்டாவது, ஷீல்டு. ஒவ்வொரு கம்பியின் ஷீல்டும் தன் பக்கத்துக் கிரவுண்டோடு முடிந்துவிட வேண்டும். பெட்டிக்குள் ஒரு பக்கத்து ஷீல்டு மறுபக்கத்து ஷீல்டைத் தொடக் கூடாது. மூன்றாவது, பிடிடி கம்பி. ஒலியைத் தனிமைப்படுத்திவிட்டு, பிடிடிக்குச் சாதாரண டிரான்சிஸ்டரைப் போட்டால் அதன் கிரவுண்டு வழியே வளையம் மீண்டும் முழுமையாகும். ரிக்கைக் கட்டுப்படுத்தும் கேட் கம்பியும் அப்படித்தான். அதை இணைத்ததும் இரைச்சல் திரும்பினால் வியக்க வேண்டாம். அந்தக் கம்பியில் ஃபெரைட் கோர் போட்டு, மடிக்கணினியைப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள்.

பெட்டியைக் கட்டி முடித்ததும், எதையும் இணைக்காமல், ரிக் பக்கக் கிரவுண்டுக்கும் கணினி பக்கக் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் ஓம் அளவை எடுங்கள். மீட்டர் திறந்த நிலையைக் காட்ட வேண்டும். ஏதேனும் எண் வந்தால் எங்கோ தொடுகிறது. கண்டுபிடித்த பிறகே மேலே செல்லுங்கள்.

வீட்டு எர்த்தைப் பற்றியும் ஒரு சொல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலும், மேற்கே பாறை மேலிட்ட நிலங்களிலும், கோடையில் எர்த் குழி விரைவில் காய்ந்துவிடும். மணலும் பாறையும் ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை. ஈரம் இல்லையேல் மண்ணின் தடை ஏறிவிடும். கரியும் உப்பும் இட்ட குழிக்குப் பங்குனி தொடங்கி மழை வரும் வரை அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

5. கேட்கும் பாதையைக் கட்டுங்கள்

ஒலி செல்லும் வரிசை இது: ரிக்கின் ஒலி வெளியீடு, டிரான்ஸ்ஃபார்மர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராக, அதன் பின் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கணினி பக்கக் கிரவுண்டுக்கு, அங்கிருந்து கெபாசிட்டர் வழியாகச் சவுண்ட் கார்டின் மைக் வாய்.

இரு ரெசிஸ்டர்களும் சேர்ந்து ஒலியைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. மைக் வாய் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட் முதல் சில பத்து மில்லிவோல்ட் வரை. ஸ்பீக்கர் ஜாக்கிலோ வால்யூமை ஏற்றினால் வோல்ட் கணக்கில் வரும். நேரடியாக இணைத்தால் அலையின் முகடுகள் வெட்டப்படும். வெட்டப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் பின்னர்ச் சரிசெய்ய முடியாது. கெபாசிட்டருக்கு உள்ள வேலை வேறு. கணினி மைக்குகளுக்காகச் சவுண்ட் கார்டு அந்த வாயில் ஒரு சிறு நேர் மின்னழுத்தத்தைத் தருகிறது. அது நம் ரெசிஸ்டர்களுக்குள் பாயாமல் தடுக்கவே கெபாசிட்டர். எலெக்ட்ரோலிட்டிக் வகையாக இருந்தால் அதன் நேர் முனை சவுண்ட் கார்டைப் பார்த்து இருக்க வேண்டும். பிளக்கின் நுனியையும் அடிப்பகுதியையும் மட்டும் இணைத்து, நடு வளையத்தை இணைக்காமல் விடுங்கள்.

ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில கருவிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளுமே ஆம்ப்ளிஃபயரால் இயக்கப்படுகின்றன. அங்கே எதுவும் கிரவுண்டு அல்ல. அப்படிப்பட்ட ஜாக்கின் ஒரு முனையைக் கிரவுண்டில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகும். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அந்த ஆபத்து இல்லை. பிளக்கைச் செருகியதும் ரிக்கின் ஸ்பீக்கர் அடங்கிவிடும் என்பதால், காதாலும் கேட்க விரும்பினால் ஒன்றை இரண்டாக்கும் ஹெட்போன் பிரிப்பான் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

6. விண்டோஸை அடக்கி வையுங்கள்

சவுண்ட் கார்டைச் செருகியதும் விண்டோஸ் அதையே இயல்புக் கருவியாக ஆக்கிக்கொள்ளும். சவுண்ட் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரையும் மைக்கையும் மீண்டும் இயல்புக் கருவிகளாக்குங்கள். பிறகு யூஎஸ்பி கார்டின் பண்புகளைத் திறந்து, உள்ளீடு, வெளியீடு இரண்டிலும் 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். மாதிரி வேகம் பொருந்தாவிட்டால் விண்டோஸ் இடையில் புகுந்து மாற்றித் தரும். அந்த மாற்றம் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை.

அதே இடத்தில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்று இருக்கும் அனைத்தையும், தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டையும், ‘லிசன்’ என்ற தேர்வையும் அணையுங்கள். இரைச்சலை நீக்கிப் பேச்சைத் தெளிவாக்குவதற்காக அவை எழுதப்பட்டவை. நமக்கு வேண்டிய மெல்லிய சைகைகளோ இரைச்சலுக்குள்தான் இருக்கின்றன. விண்டோஸின் கண்ணுக்கு அவையும் இரைச்சலே.

மைக் தனியுரிமைப் பகுதியில், டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அளவுகாட்டி அசையாமல் பூச்சியத்தில் நிற்கிறது என்று கம்பியைப் பிரித்துப் பிரித்துப் பற்றவைப்பவர்கள் பலருக்கும், உண்மைக் காரணம் இந்த ஒரே ஒரு அனுமதிதான்.

லினக்ஸ் பயன்படுத்துவோர், சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமை பெறத் தம் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துக்கொள்வது போதும். மற்றவை இதே போன்றவைதான்.

7. கேட்டுச் சோதியுங்கள்

எப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளை நிறுவி, உங்கள் அழைப்புக் குறியையும், உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் கட்டக் குறியையும் இடுங்கள். திருநெல்வேலியும் தென்காசியும் எம்ஜே88 கட்டத்தில் உள்ளன. 78 பாகை தீர்க்கரேகையைக் கடந்து கிழக்கே செல்லும்போது கட்டம் மாறுவதால் தூத்துக்குடி எம்ஜே98 ஆகிறது. 9 பாகை அட்சரேகைக்கு வடக்கே உள்ள சங்கரன்கோவில் எம்ஜே89. மாவட்டத் தலைநகரின் கட்டத்தையே எல்லோரும் எழுதிவிடுவது தவறு. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு பாருங்கள்.

ரிக்கை 14.074 மெகாஹெர்ட்ஸில், மேல் பக்கப்பட்டையில் (ரிக் ‘யூஎஸ்பி’ என்று காட்டும் முறை; கம்பியின் பெயரோடு தொடர்பில்லை), ரிக்கில் டேட்டா முறை இருந்தால் அந்த முறையில் வையுங்கள். வடிப்பானை அகலமாக, 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் திறந்துவிடுங்கள். இரைச்சல் நீக்கி, இரைச்சல் தடுப்பான் இரண்டையும் அணையுங்கள். ஆண்டெனாவில் இரைச்சல் மட்டும் இருக்கும்போது மென்பொருளின் அளவுகாட்டி ஏறத்தாழ 30 டெசிபெல் காட்டுமாறு உள்ளீட்டு அளவைச் சரிசெய்யுங்கள். அளவுகாட்டி உச்சிவரை ஏறினால் நல்லது என்ற எண்ணம் தவறு; வலுவான நிலையம் ஒன்று வரும்போது மேலே இடம் வேண்டும்.

அடுத்தது கடிகாரம். எப்டி8-இல் ஒவ்வொரு முறையும் 15 நொடி. செய்தி அதில் 12.64 நொடி ஓடுகிறது. உங்கள் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் விலகினாலே செய்திகள் உதிரத் தொடங்கும். மென்பொருள் தானே உலக நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்பதால், விண்டோஸின் நேர மண்டலத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். 5 மணி 30 நிமிடத்தைக் கையால் கழித்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பவர்கள் மண்டலத்தையும் நேரத்தையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். இணைய நேரத்தோடு ஒத்திசைக்கும் சிறு செயலி ஒன்று போதும். கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத மலையடிவாரத்தில் இயக்குவதாக இருந்தால் யூஎஸ்பி ஜிபிஎஸ் கருவி உதவும். திரையில் நேர வேறுபாட்டை நொடியில் காட்டும் ‘டிடி’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். எல்லா நிலையங்களுக்கும் ஒரே பக்கமாக 1.2, 1.3 என்று வந்தால், விலகியிருப்பது அவர்கள் அல்லர், உங்கள் கடிகாரம்.

இந்தச் சோதனையைப் பகலில் செய்யச் சொல்வதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு மிக அருகே செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகம் ஒன்றைக் கிருஷ்ணாபுரத்தில் வைத்திருப்பதும் இதனால்தான். இந்தப் பகுதியின் மேல் உள்ள அயனி மண்டலம் சூரியன் மறைந்த பின், குறிப்பாகப் பகலும் இரவும் சமமாகும் மாதங்களை ஒட்டி, குமிழ் குமிழாகக் கலங்கிவிடும். அதன் வழியே வரும் சைகை படபடக்கும். எப்டி8-இன் எட்டுத் தொனிகளும் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பவை. படபடப்பில் ஒன்றின் மேல் ஒன்று கலைந்து, திரையில் கோடுகள் நன்றாகத் தெரிந்தாலும் செய்தி பிரியாது. அதைக் கம்பியின் கோளாறு என்று எண்ணி, சரியாக இருந்த அமைப்பை இரவோடு இரவாகக் கலைத்துவிடாதீர்கள்.

பகலில் சில மணி நேரம் தொடர்ந்து செய்திகள் பிரிந்து வந்தால், கேட்கும் பாதை முடிந்தது. அதன் அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

8. அனுப்பும் பாதையைக் கட்டுங்கள்

சவுண்ட் கார்டின் ஹெட்போன் வெளியீடு ஒரு வோல்ட் வரை வரக்கூடும். ரிக்கின் மைக் வாய்க்குத் தேவை சில மில்லிவோல்ட். எப்டி-817 வரிசையின் டேட்டா வாய்க்கு உச்சி முதல் உச்சி வரை 40 மில்லிவோல்ட். இந்த இடைவெளியை விண்டோஸின் வால்யூமைக் குறைத்தே சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் வால்யூம் அடிமட்டத்தில் இருக்கும்போது கார்டின் சொந்த இரைச்சல் சைகையோடு போட்டியிடும், சற்றே நகர்த்தினாலும் அளவு தாவும். ஆகவே ரெசிஸ்டரால் குறைப்பதே முறை.

மைக் வாய் என்றால் 10 கிலோ ஓம் தொடராகவும் 100 ஓம் ரிக் பக்கக் கிரவுண்டுக்கும் போடுங்கள். ஒலி நூறில் ஒரு பங்காகும். டேட்டா வாய் என்றால் 100 ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம். வரிசை: சவுண்ட் கார்டின் இடது ஒலி, டிரான்ஸ்ஃபார்மர், ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர், ரிக். சில ரிக்குகளின் மைக் வாயில் மைக்குக்கான நேர் மின்னழுத்தம் வருவதால் இங்கும் கெபாசிட்டர் தேவை. இங்கே அதன் நேர் முனை ரிக்கைப் பார்த்து இருக்க வேண்டும். ரெசிஸ்டர்களை ரிக்குக்கு அருகில் வைப்பது நல்லது. நீளமான கம்பி முழுவதும் வலுவான ஒலி ஓடி, கடைசியில் குறைந்தால், வழியில் ஏறிய இரைச்சலும் சேர்ந்து குறையும்.

9. பிடிடி

ரிக்கில் கேட் இணைப்பு இருந்தால் மென்பொருளே அதன் வழியாக ரிக்கை அனுப்பச் சொல்லும். வேறு கம்பி வேண்டியதில்லை. ரிக்கின் மெனுவில் உள்ள வேகமும் மென்பொருளில் உள்ள வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்பது மட்டுமே பார்க்க வேண்டியது. ஒலி வந்ததும் தானே மாறும் வாக்ஸ் முறை எளிதுதான். ஆனால் வேறு எந்த ஒலி வந்தாலும் அது மாறிவிடும் என்பதால் தற்காலிகச் சோதனைக்கு மேல் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டும் இல்லாதவர்களுக்கு, ஆர்டிஎஸ் முனை (மென்பொருளால் ஏற்றி இறக்கக்கூடிய கட்டுப்பாட்டு முனை) வெளியே எடுக்கப்பட்ட யூஎஸ்பி-டிடிஎல் சீரியல் பலகையும் பிசி817-உம் போதும். பலகையின் விசிசி (மின்வழங்கல்) முனையிலிருந்து 470 ஓம் வழியாக ஆப்டோகப்ளரின் 1-ஆம் காலுக்கும், அதன் 2-ஆம் காலிலிருந்து ஆர்டிஎஸ்ஸுக்கும் கம்பி இழுங்கள். 4-ஆம் கால் ரிக்கின் பிடிடிக்கு, 3-ஆம் கால் ரிக்கின் கிரவுண்டுக்கு. ஆர்டிஎஸ்ஸிலிருந்து கிரவுண்டுக்கு இணைப்பதே இயல்பு என்று தோன்றலாம். ஆனால் இவ்வகைப் பலகைகளில் ஆர்டிஎஸ் சும்மா இருக்கும்போது உயர்ந்தும், இயங்கும்போது தாழ்ந்தும் இருக்கும். கிரவுண்டுக்கு இணைத்தால் ரிக் எப்போதும் அனுப்பிக்கொண்டிருந்து, அனுப்ப வேண்டிய நேரத்தில் நின்றுவிடும். பலகையில் 3.3, 5 வோல்ட் தேர்வு இருந்தால், ஆர்டிஎஸ் எந்த அழுத்தத்தில் இயங்குகிறதோ அதே அழுத்தத்தை விசிசியாக எடுங்கள். இல்லாவிட்டால் ஆப்டோகப்ளர் முழுமையாக அணையாது.

கணினி தொடங்கும்போதும் பலகையைச் செருகும்போதும் ஆர்டிஎஸ் ஒரு கணம் தாழக்கூடும். ஆகவே எப்போதும் கணினியை முதலில் தொடங்கி, பலகையைச் செருகி, அதன் பிறகே ரிக்கை இயக்குங்கள்.

10. டம்மி லோடில் ஒலியளவைச் சரிசெய்யுங்கள்

ஆண்டெனாவைக் கழற்றி டம்மி லோடை இணையுங்கள். பேச்சுச் செறிவாக்கியை அணையுங்கள். ரிக்கின் திறனை முழு அளவில் வைத்து, மென்பொருளில் தொனியை 1500 ஹெர்ட்ஸில் நிறுத்தி, ‘டியூன்’ பொத்தானை அழுத்தி, ஒலியளவைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஏஎல்சி (ஒலி மிகும்போது ரிக் தானே அடக்கும் கட்டுப்பாடு) காட்டும் முள் அசையத் தொடங்கும் இடத்தைக் கண்டதும், அது மீண்டும் படுக்கும் வரை குறைத்து நிறுத்துங்கள். அதிக வாட்டுக்கு ஆசைப்பட்டு முள்ளை மேலே தள்ளினால், ரிக் அலையை நசுக்கத் தொடங்கும். உங்கள் ஒற்றைச் சைகை திரையில் இரண்டு மூன்று இடங்களில் தோன்றி, அந்த இடங்களில் பேசிக்கொண்டிருப்பவர்களை மறைக்கும்.

இதன் பின்பு ரிக்கின் திறன் அமைப்பைக் குறையுங்கள். 100 வாட் ரிக் என்றால் 25, 30 வாட் போதும். பேச்சில் இடைவெளி உண்டு, எப்டி8-இல் 12.64 நொடியும் முழுத் திறன் ஓடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு மாடியறையில் அந்தச் சூட்டை ரிக்கின் விசிறியால் மட்டும் வெளியேற்ற இயலாது. திறனைக் குறைத்ததும் ஏஎல்சி முள் மீண்டும் அசைகிறதா என்று பார்த்து, அசைந்தால் ஒலியை இன்னும் சற்றுக் குறையுங்கள்.

மென்பொருளின் ‘ஸ்பிளிட்’ அமைப்பை ‘ரிக்’ அல்லது ‘ஃபேக் இட்’ என்று வையுங்கள். அப்போது அனுப்பும் தொனி எப்போதும் 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். 500 ஹெர்ட்ஸ் தொனியில் சிறிது சிதைவு இருந்தால் அதன் மடங்குகளான 1000, 1500, 2000 எல்லாம் ரிக்கின் வடிப்பானைக் கடந்து வெளியேறும். 1500-இன் இரட்டிப்போ 3000-இல் விழுந்து வடிப்பானிலேயே நின்றுவிடும்.

11. ஆண்டெனாவுக்கு மாறுங்கள்

டம்மி லோடில் எல்லாம் சரியாக இருந்து, ஆண்டெனாவில் அனுப்பியதும் சவுண்ட் கார்டு துண்டிக்கப்படுவது, பிடிடி விடாமல் பிடித்துக்கொள்வது, சுட்டி திரையில் தானாக நகர்வது போன்றவை நிகழ்ந்தால், காரணம் ஒன்றே: ஆண்டெனாக் கம்பியின் வெளிப்புறம் வழியாக ரேடியோ அலை அறைக்குள் திரும்பி வருகிறது. யூஎஸ்பி கம்பியை இயன்றவரை குறுக்கி, அதன் இரு முனைகளிலும் ஃபெரைட் கோருக்குள் சில சுற்றுகள் சுற்றுங்கள்; ஆடியோ கம்பிக்கும் அவ்வாறே. ஆனால் மூலத்தைச் சரிசெய்யாமல் கோர்களை மட்டும் அடுக்குவது போதாது. ஆண்டெனாவின் ஊட்டு முனையில் கம்பியின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் பாலுன் இருக்கிறதா, நிலையலை விகிதம் (எஸ்டபிள்யூஆர்) அமைத்தபோது இருந்த அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் தென்காசிக் கணவாய்ப் பக்கமும் ராதாபுரம், பணகுடிப் பக்கமும் கம்பி ஆண்டெனாக்கள் ஓயாமல் ஆடி, முறுக்கி இணைத்த இடங்கள் தளர்ந்துவிடும். போன மாதம் ஒழுங்காக இருந்த அமைப்பு இந்த மாதம் தொல்லை தந்தால் முதலில் மாடிக்கு ஏறுங்கள். உவரி, மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்புகளைப் பச்சை பூக்க வைப்பதால், பிளக்குகளையும் ஜாக்குகளையும் அவ்வப்போது துடைத்துச் செருகுவதும் பராமரிப்பின் ஒரு பகுதி.

முதல் அழைப்புக்குப் பின் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் குறியைத் தேடுங்கள். எவரும் பதில் தராவிட்டாலும், உங்களைக் கேட்ட நிலையங்கள் அங்கே தெரியும். அனுப்பும் பாதை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று.

12. பிறகு வரும் கோளாறுகளை எந்த வரிசையில் தேடுவது

நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், சால்டரிங் அயர்னைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பின் சவுண்ட் கார்டின் பெயரோ, இயல்புக் கருவியோ, உள்ளீட்டு அளவோ மாறியிருப்பதே மிகப் பொதுவான காரணம். யூஎஸ்பி கார்டை வேறு துளையில் செருகினாலும் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணி, நீங்கள் அணைத்த ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ அனைத்தையும் திரும்ப இயக்கிவிடும். எனவே ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே துளை என்று குறியிட்டு வையுங்கள்.

கேட்பதில் இரைச்சல் ஏறியிருந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் போனால் சார்ஜர். போகாவிட்டால் வீட்டின் எல்இடி விளக்குகளையும் இன்வெர்ட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். தெருவில் கொடை நடந்து சீரியல் விளக்குகள் எரியும் நாட்களில் ஏறும் இரைச்சலுக்கு உங்கள் கம்பி காரணமல்ல. விழா முடியும் வரை காத்திருங்கள்.

சித்திரை, வைகாசிக் கோடை இடியின்போதும், ஐப்பசி, கார்த்திகை மழையின்போதும், வேலை முடிந்ததும் ஆண்டெனாக் கம்பியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே எர்த்தில் சேர்த்துவிடுங்கள். ரிக்கின் பவர் சப்ளையையும் மடிக்கணினியின் சார்ஜரையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ரிக்குக்கும் மடிக்கணினிக்கும் இடையே உள்ள யூஎஸ்பி கம்பியையும் ஆடியோ பிளக்குகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள், அவற்றையும் கழற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் ஆப்டோகப்ளரும் கிரவுண்டு இரைச்சலைத் தடுக்கப் போதுமானவை. மின்னலின் அழுத்தத்தை அவற்றால் தடுக்க முடியாது. இடி முழங்கத் தொடங்கிய பிறகு ஆண்டெனாக் கம்பியில் கை வைக்காதீர்கள். வானம் மேற்கே கறுக்கும்போதே இதைச் செய்து முடித்துவிட வேண்டும்.